ஆக்சிலரோமீட்டரைப் படிக்கவும் அனுமதி கேட்க வேண்டுமா?

கோவை_நிரலன்:
கேமரா, மைக், லொகேஷன் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிற ஆண்ட்ராய்டு, ஆக்சிலரோமீட்டரையும் (போனின் அசைவையும் சாய்வையும் அளக்கும் சென்சார்) கைரோஸ்கோப்பையும் (போன் சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) திறந்த வீடாக விட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டின் சென்சார்மேனேஜரில் ஒரு லிசனரை (தரவு வரும்போதெல்லாம் வாங்கிக்கொள்ளும் நிரல் துண்டு) பதிவு செய்தால் போதும், மூன்று அச்சுகளின் தரவும் வந்து கொட்டும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கைரோஸ்கோப்பில் பதிந்த ஒலி அதிர்வை மட்டும் வைத்தே, ஸ்பீக்கரில் ஒலித்த எண்களை ஓரளவு கண்டுபிடித்துக் காட்டினார்கள். இதற்கும் அனுமதிப் பெட்டி கட்டாயம் வேண்டும்.

செயலித்தச்சன்:
வேண்டவே வேண்டாம் சகோ. நான் ரசமட்டம் செயலி எழுதியவன். போனை மேசையில் மல்லாக்க வைத்தால் இசட் அச்சில் (திரைக்குச் செங்குத்தான திசை) புவியீர்ப்பின் 9.8 வரும்; சாய்த்தால் அது மற்ற இரண்டுக்கும் பிரியும். அந்தக் கணக்கிலிருந்துதான் கோணம். கொத்தனார் ஒருவர் சுவரில் போனை வைத்துப் பார்க்கும்போது அனுமதிப் பெட்டி வந்தால், என்ன ஏது என்று பார்க்காமல் 'மறு' என்று அழுத்திவிட்டு, செயலி வேலை செய்யவில்லை என்பார். தவிர, ஆண்ட்ராய்டு 9-இலிருந்து பின்னணியில் கிடக்கும் செயலிக்கு இந்தத் தரவு போகாது. ஆண்ட்ராய்டு 12-இல் நொடிக்கு 200 முறை என்று வரம்பும் வந்துவிட்டது.

கோவை_நிரலன்:
அந்த ஆய்வே நொடிக்கு 200 முறை படித்துத்தான் நடந்தது! அப்புறம் அந்த வரம்பு யாரைக் காப்பாற்றும்?

முகிலினி:
இடையில் ஒன்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து காலடி எண்ணும் சென்சாருக்கு அனுமதி தேவை. ஆனால் மனித நடை நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிதான். ஆக்சிலரோமீட்டர் அலையில் மேடுகளை எண்ணினால் அனுமதி இல்லாமலே அதே கணக்கு வந்துவிடும். ஐபோனிலும் இதே முரண்தான்: ஐஓஎஸ் 13 முதல் சஃபாரியில் திறக்கும் இணையதளம் அனுமதி கேட்டே ஆக வேண்டும், நிறுவிய செயலி நேராகவே படிக்கலாம்.

செயலித்தச்சன்:
200 அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். 50-க்கு இறக்கட்டும். ரசமட்டத்துக்கும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் அது தாராளம். அதற்கு மேல் கேட்பவனுக்கு மட்டும் பெட்டி காட்டலாம். எல்லாருக்கும் காட்டினால் ஜனங்கள் படிக்காமலே 'அனுமதி' அழுத்தப் பழகிவிடுவார்கள், மைக்குக்கும் சேர்த்து.

கோவை_நிரலன்:
50 பேச்சைத் தடுக்கும், நடையைத் தடுக்காது. உங்கள் செயலிக்குள் விளம்பரத்துக்காகச் சேர்க்கும் எஸ்டிகே-யும் (வேறு நிறுவனம் எழுதித் தரும் நிரல் தொகுப்பு) அதே சென்சாரை உங்களைக் கேட்காமலே படிக்கலாம். கொத்தனார் ரசமட்டத்தை நம்பி நிறுவினார், அந்த எஸ்டிகே-யை அல்ல. அவருக்கு அதை யார் சொல்வது?

செயலித்தச்சன்:
நான் சொல்ல வேண்டும். அதனால்தான் விளம்பர எஸ்டிகே எதையும் சேர்க்கவில்லை. பெட்டி மட்டும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.