எண்ணெய்க் கடைக்கு எஃப்.எம். விளம்பரம்: போட்ட காசு திரும்புமா?

செக்குக்கடை:
திருப்பூரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். தாராபுரத்தில் சின்னதாக ஒரு கிளை. தீபாவளி விளம்பரத்துக்கு 60,000 வரை ஒதுக்கலாம் என்று யோசனை. கோவை எஃப்.எம். ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்து கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார். 30 செகண்ட் ஸ்பாட் (விளம்பரம்), தினம் 6 முறை, தீபாவளிக்கு முந்தின 15 நாள். 10 செகண்டுக்கு 200 ரூபாய். கூடவே காசில்லாமல் போனஸ் ஸ்பாட்டும் நிறைய தருகிறாராம். போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

ஈரோடு ஜவுளி:
முதலில் கணக்கைப் போடுங்க அண்ணா. ஒரு ஸ்பாட் 600, ஒரு நாளைக்கு 3,600, பதினைந்து நாளைக்கு 54,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அது 9,720. மொத்தம் 63,720. நீங்கள் காம்போசிஷனில் (சின்ன வியாபாரிகளுக்கான ஜி.எஸ்.டி. திட்டம்) இருந்தால் அந்த வரியில் ஒரு பைசா கிரெடிட் எடுக்க, அதாவது கழித்துக்கொள்ள முடியாது, முழுக்க உங்கள் கைக்காசுதான். இதே பணத்துக்குப் பேப்பரில் இடம் வாங்கினால் வரி 5 சதவீதம்.

எண்ணெயில் உங்களுக்கு 20 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இந்தச் செலவு திரும்ப 3,18,600 ரூபாய்க்குக் கூடுதலாக விற்கவேண்டும். குடும்பத்துக்கு 1,000 ரூபாய் என்றால் 319 புதுக் குடும்பம். பதினைந்து நாளில் ரேடியோவைக் கேட்டுவிட்டு அத்தனை பேர் படியேறுவார்களா? நீங்களே சொல்லுங்க.

பழைய ரேடியோக்காரன்:
நான் சில வருஷம் எஃப்.எம். மார்க்கெட்டிங்கில் இருந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அந்த வேலையில் இல்லை, எனக்குக் கமிஷன் எதுவும் கிடையாது.

ஈரோட்டுக்காரர் போட்டிருப்பது பெட்ஷீட் வியாபாரக் கணக்கு. பெட்ஷீட் வாங்கினவர் அடுத்து எப்போது வருவார் என்று தெரியாது. எண்ணெய் மாதாமாதம் தீரும். செக்கு எண்ணெய்க்கு மாறின குடும்பம் மாதம் மூன்று நான்கு லிட்டர் வாங்கும், ருசி பிடித்துவிட்டால் சீக்கிரம் கடை மாறாது. அப்படி எழுபது எண்பது குடும்பம் ஒட்டிக்கொண்டாலே ஒரு வருஷத்துக்குள் 63,720 திரும்பிவிடும். பதினைந்தாம் நாள் கல்லாவைப் பார்த்து ரேடியோ வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது தப்பு.

இன்னொன்று. பேப்பரில் ஒரு நாள் கால் பக்கம் போட்டால் அன்றோடு சரி. ஒரே பெயர் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தால்தான் எண்ணெய் தீருகிற நாளில் அது ஞாபகத்துக்கு வரும். இதற்கு ரேடியோவை விட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஈரோடு ஜவுளி:
"ஒட்டிக்கொண்டால்" என்கிறீர்கள். ஒட்டிக்கொண்டது ரேடியோவாலா, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாலா என்று எப்படித் தெரியும்? டி.வி.க்காவது பெட்டி வைத்து அளக்கிறார்கள். ரேடியோ கேட்பவர்களை ரேம் என்று ஒரு முறையில் அளந்தது டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நாலே நகரத்தில்தான். கோவைக்கு அது வரவே இல்லை. நாடு முழுக்க எடுக்கிற வாசகர் சர்வே, அதில்தான் ரேடியோவையும் கேட்பார்கள், அது 2019-ஓடு நின்றுவிட்டது. பிறகு எதை வைத்து என் கடைக்கு வருகிற ஒவ்வொரு மார்க்கெட்டிங் தம்பியும் "கோவையில் நாங்கதான் நம்பர் ஒன்" என்கிறார்? கோவையில் தனியார் எஃப்.எம். மட்டும் 91.1, 93.5, 98.3, 106.4 என்று நான்கு. எல்லாமே நம்பர் ஒன்றாக இருக்க முடியுமா?

கேட்கிற கருவியே குறைந்துவிட்டது, அது வேறு. புது ஸ்மார்ட்போன் பலவற்றில் எஃப்.எம். கிடையாது. இருக்கிற வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பவேண்டியிருந்தது. பனியன் கம்பெனிக்குள் பாட்டு ஓடுகிறதே என்பீர்கள். அது புளூடூத் ஸ்பீக்கரில் யூடியூப். அங்கே உட்கார்ந்து தைக்கிறவர்களில் எத்தனை பேர் ஒடிசா, பீகார் ஆட்கள் என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சோமனூர் தறி:
தறிக்குடோனை யாரும் கணக்கில் சேர்த்துவிடாதீங்க. தறி ஓடும்போது பக்கத்து ஆள் கத்தினாலே கேட்காது, இதில் ரேடியோ எங்கே! டீக்கடையில் கேட்பதுதான்.

பழைய ரேடியோக்காரன்:
கேட்கிற ஆள் குறைந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. யார் மிச்சம் என்று பாருங்க. கார் வைத்திருப்பவர், ஆட்டோக்காரர், கடை திறந்து உட்கார்ந்திருப்பவர், காலையில் சமையல்கட்டில் நிற்பவர். செக்கு எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கிற ஆட்கள் இதில் பாதிப் பேர். ஒடிசாத் தொழிலாளி செக்கு எண்ணெய் வாங்கப் போவதில்லை, அவர் கேட்காததால் அண்ணனுக்கு என்ன நஷ்டம்?

அளக்க முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. இவருக்குத்தான் இரண்டு கடை இருக்கிறதே. தாராபுரத்தில் கோவை எஃப்.எம். ஒழுங்காக எடுக்காது. போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு கடையிலும் என்ன விற்றது என்று பில் இருக்கும். இந்த வருஷம் தாராபுரம் எவ்வளவு ஏறுகிறதோ அது தீபாவளியால் ஏறியது. திருப்பூர் அதைத் தாண்டி ஏறினால் அந்த வித்தியாசம் விளம்பரத்தால் வந்தது. கூடவே ரேடியோவில் மட்டும் ஒரு சலுகை சொல்லுங்க, போர்டிலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீங்க. எத்தனை பேர் வந்து அதைக் கேட்கிறார்கள் என்று கல்லாவில் ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

ஈரோடு ஜவுளி:
திருப்பூர் பனியன் கம்பெனி போனஸை நம்பின ஊர், தாராபுரம் வெள்ளாமை ஊர். ஒரு வருஷம் ஆர்டர் நன்றாக இருந்து போனஸ் கூடினால் திருப்பூர் தானாக ஏறும். அதையும் ரேடியோ கணக்கில் எழுதிக்கொள்வீர்களா? நோட்டு யோசனை மட்டும் சரி.

பொள்ளாச்சிப் பொண்ணு:
நான் உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பரம் எழுதிக் குரலும் கொடுக்கிறேன். எதில் போடுவது என்று இத்தனை நேரம் சண்டை போடுகிறீர்களே, அந்த 30 செகண்டில் என்ன சொல்லப்போகிறார் என்று யாராவது கேட்டீர்களா?

முப்பது செகண்டில் நிதானமாகச் சொன்னால் ஏறத்தாழ அறுபது சொல்தான் அடங்கும். அதற்குள் கடலை, எள், தேங்காய், விளக்கெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, தேன், இரண்டு கடை முகவரி, இரண்டு போன் நம்பர் என்று திணிப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர் பத்து இலக்க நம்பரை எங்கே எழுதிக்கொள்வார்? கடைப் பெயர், எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், ஒரே ஒரு சரக்கு. கடலை எண்ணெய் என்றால் கடலை எண்ணெய் மட்டும். பெயர் மூன்று முறை வரவேண்டும். தாராபுரம் முகவரியை விட்டுவிடுங்கள், அங்கேதான் எடுக்காதே.

அப்புறம் அந்தப் புருஷன் பெண்டாட்டி நாடகம். "ஏங்க, எங்கே கிளம்பிட்டீங்க?" என்று ஆரம்பித்து முடிவில் "இப்பவே போலாம் வாங்க" என்று முடியும். நகைக்கடை, பர்னிச்சர் கடை, பிரியாணிக் கடை எல்லாத்துக்கும் அதே ஜோடிதான் பேசிக்கொண்டிருக்கிறது. எந்தக் கடைக்குப் பேசினார்கள் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. கொங்குப் பேச்சு என்ற பெயரில் "ஏனுங்", "என்றா" என்று கேலிக்குரலில் இழுப்பதும் வேண்டாம், நம் ஊர்க்காரருக்கே எரிச்சலாக இருக்கிறது. அண்ணா, நீங்களே உங்கள் குரலில் பேசுங்கள். கடலை எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை நாள் காயப்போடுகிறீர்கள் என்று கல்லாவில் நின்று சொல்வதுபோலச் சொன்னால் போதும்.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. சினிமாப் பாட்டு மெட்டில் கடைப் பெயரைப் போட்டுப் பாடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், ஸ்டேஷன் பாட்டுப் போட வாங்கியிருக்கிற உரிமை உங்கள் விளம்பரத்துக்கு ஆகாது. கொழுப்புக் குறையும், சர்க்கரை கட்டுப்படும் என்று ஆதாரம் இல்லாமல் சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகள் தடுக்கின்றன. முக்கியமாக, "பாட்டில் கொண்டு வந்தால் ஊற்றித் தருவோம்" என்று சொல்லிவிடாதீர்கள். மாநில அரசு விலக்குக் கொடுத்தால் ஒழிய, சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க அனுமதி இல்லை. ஊரெல்லாம் நடக்கிறதுதான், அதற்காக அதை நாமே ரேடியோவில் அறிவிக்கவேண்டுமா?

செக்குக்கடை:
நல்லவேளை சொன்னீங்க அம்மணி. அந்தத் தம்பி எழுதிக்கொண்டு வந்ததில் "பாட்டில் கொண்டு வந்தால்" என்பதுதான் முதல் வரி!

நிகழ்ச்சி நடத்துகிற ஆர்.ஜே.வே பேசும்போது நடுவில் கடையைப் பற்றிச் சொல்வார், அதற்கு ரேட் தனி என்றார். அது எப்படி?

பழைய ரேடியோக்காரன்:
அதுதான் நன்றாக எடுபடும். விளம்பர இடைவேளை வந்தால் காரில் ஸ்டேஷன் மாற்றிவிடுவார்கள், ஆர்.ஜே. பேசும்போது மாற்றமாட்டார்கள்.

பொள்ளாச்சிப் பொண்ணு:
எனக்கு உடன்பாடு இல்லைங்க. காலையில் செக்கு எண்ணெய் நல்லது என்று சொல்கிற அதே வாய் சாயங்காலம் ரீஃபைண்ட் எண்ணெய்க்கும் பேசும்.

ஈரோடு ஜவுளி:
நீங்கள் யாருமே தேதியைப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் ரேடியோவில் யார் இருப்பார்கள்? பெரிய ஜவுளிக்கடையும் நகைக்கடையும். ஒரு இடைவேளையில் எட்டு பத்து விளம்பரம் வரிசையாக வரும், அதில் ஏழாவதாக எண்ணெய்க் கடை. பலகாரத்துக்கு எண்ணெய் வாங்குகிறவர் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுவார். கடைசி மூன்று நாள் திருப்பூரே காலி, மதுரை, தேனி பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. அந்த மூன்று நாள் ஸ்பாட் 10,800 ரூபாய், வரி தனி. யாருக்காக?

பழைய ரேடியோக்காரன்:
இது நியாயமான பேச்சு. அதனால் ரேடியோவே வேண்டாம் என்று ஆகாது, மாதத்தை மாற்றினால் போதும். கார்த்திகையில் போடுங்க. ரேட் இறங்கியிருக்கும், பேரம் பேசலாம். விளக்கு, ஐயப்ப மாலை என்று ஊரே எண்ணெய் வாங்குகிற மாதம்.

ஈரோடு ஜவுளி:
விளக்குக்கு மரச்செக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிற வீடு எத்தனை? மளிகைக்கடையில் தீப எண்ணெய் பாக்கெட் பாதி விலையில் தொங்குகிறது.

சோமனூர் தறி:
ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றவிட்டால் என்னங்க? செலவு கம்மி. கல்லூரிக்காரர்கள் நடத்துகிற சமுதாய வானொலியிலும் விளம்பரம் எடுக்கிறார்களாமே.

பழைய ரேடியோக்காரன்:
மைக்குக்கு எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும், சந்துக்குச் சந்து சத்தம் போட்டால் புகார்தான் வரும். சமுதாய வானொலி நல்ல யோசனை, 2024-இலிருந்து மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம் என்று ஏற்றியிருக்கிறார்கள், அதற்கு முன் 7 நிமிஷம். ஆனால் எட்டுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். கோவையில் 107.8 சமுதாய வானொலியில் போட்டால் திருப்பூர்க் கடைக்கு ஆள் வராது.

செக்குக்கடை:
சரிங்க. தீபாவளிக்கு ரேடியோ இல்லை. போனஸ் கொடுக்கிற வாரம் நோட்டீஸ் அடித்து பனியன் கம்பெனி வாசலில் கொடுத்துக்கொள்கிறேன். கார்த்திகையில் பத்து நாள், 20 செகண்ட், காலையில் மட்டும், கடலை எண்ணெய் மட்டும், என் குரலிலேயே. தினம் 6 முறை. அதே ரேட் என்றாலும் 24,000, வரியோடு 28,320. அந்தத் தம்பியிடம் வேறு என்ன கேட்கவேண்டும்?

பழைய ரேடியோக்காரன்:
ஆறும் 7 மணியிலிருந்து 11 மணிக்குள் என்று ஆர்டரிலேயே நேரத்தோடு எழுதி வாங்குங்க. "நாள் முழுக்க" என்று எழுதினால் மத்தியானத்திலும் ராத்திரியிலும் தள்ளிவிடுவார்கள். போனஸ் ஸ்பாட்டுக்கும் நேரம் கேளுங்க, பெரும்பாலும் அது ராத்திரி 11-க்கு மேல்தான். ஓடின நேரப் பட்டியல் வாராவாரம் வரவேண்டும், அது வந்தபிறகுதான் மீதிப் பணம். ஒரு வாரம் வீட்டில் நீங்களே ரேடியோவைப் போட்டுச் சரிபாருங்க.

ஈரோடு ஜவுளி:
முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீங்க. கார்த்திகை முடிந்ததும் அந்த நோட்டுக் கணக்கை இங்கே போடுங்க, தாராபுரம் கணக்கோடு. இருபது பேருக்கு மேல் வந்திருந்தால் அடுத்து நான் போடுகிறேன்.

பழைய ரேடியோக்காரன்:
இருபது என்று யார் முடிவு பண்ணினது?