(2025 ஏப்ரல்) இலங்கையில பணவீக்கம் மைனஸாம், அம்மா சாமான் விலை குறையேல்ல எண்டுறா. ஆரை நம்புறது?

கட்டார்காரன்77:
எல்லாருக்கும் வணக்கம். 2018 இல இருந்து தோகாவில நிக்கிறன், ஊர் சாவகச்சேரி. 2022 இல சனம் காஸ் சிலிண்டரோட லைன்ல நிண்ட நேரம் நான் வங்கியால இல்லாம ஆள் மூலம் அனுப்புற உண்டியல்ல தான் காசு அனுப்பினனான் (ஏசாதேங்கோ, வங்கிய விட எவ்வளவோ கூடத் தந்தவன்). 2023 தொடக்கத்தில கொஞ்சத்தை வங்கில எஃப்டில (நிலையான வைப்பில) போட்டன், வட்டி 20க்கு மேல. இப்ப எட்டுக்குக் கிட்ட தானாம், அதிலயும் 2025 ஏப்ரல்ல இருந்து வட்டில வரி 5 வீதம் இல்ல 10 வீதம் வெட்டுவினமாம். டொலர் 300க்குக் கிட்ட அசையாம நிக்குது. பெப்ரவரில பணவீக்கம் மைனஸ் 4.2 எண்டு செய்தி, அம்மாட்ட சொன்னா தேங்காய் ஒண்டு 200 ரூபா விக்குது நீ என்ன விசர்க் கதை கதைக்கிறாய் எண்டுறா. அடுத்த வருசம் வந்து சின்னதா ஒரு ஹாட்வெயர் போடுற யோசனை. நாடு உண்மையாவே நிமிருதோ?

கணக்கன்:
தம்பி, செய்தியும் சரி அம்மாவும் சரி. அந்த மைனஸ் போன வருசம் இதே மாசத்தோட பாக்கிறது. 2025 ஜனவரில கரண்ட் சார்ஜ் 20 வீதம் குறைச்சவங்கள், அதுதான் கூட இழுத்துக் காட்டுது. ஆனா 2022 செப்டம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனதே, அப்ப ஏறின விலை ஏறின இடத்திலயே குந்தியிருக்கு, சம்பளம் தான் பின்னால ஏறிப் போகோணும், அது போகேல்ல.

பொருளாதார வளர்ச்சியும் உதே கதை தான். 2024 இல 5 வீதம் எண்டு எல்லாரும் கை தட்டினவை, ஆனா 2022 இல 7.3 உம் 2023 இல 2.3 உம் விழுந்தது. 2021 ஐ நூறெண்டு வைச்சுப் போட்டுப் பாருங்கோ, 90.6க்கு இறங்கி 2024 இல 95க்கு வந்தம். விழுந்த பள்ளத்தில பாதி ஏறியாச்சு, அவ்வளவு தான்.

டொலர் அசையாததுக்கு உங்களை மாதிரி ஆக்களும் ஒரு காரணம். வெளிநாட்டில இருந்து வங்கியால வந்த காசு 2022 இல 3.8 பில்லியன் டொலர், 2024 இல ஆறரைக்கு மேல. டூரிஸ்டும் 20 லட்சம் தாண்டிட்டு. ஆனா பெரிய காரணம் என்னெண்டா 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்டாம நிப்பாட்டினாங்கள், பிறகு பேசி அவகாசம் எடுத்திருக்கு, மற்ற நாடுகளிட்ட வாங்கினதுக்கு முதற்பணத்தைக் கட்டத் தொடங்குறது 2028 இல தான். கடன் கட்டாதவன்ர பொக்கெற் எப்பவும் கொஞ்சம் பாரமாத் தானே இருக்கும்.

மதுரைக்காரன்:
நான் தமிழ்நாடு, ஒரு டவுட். 2022ல இந்தியாவே 4 பில்லியன் கிட்ட உதவி பண்ணுச்சு, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) நாலு வருஷத்துக்கே 3 பில்லியன் தானே, அப்புறம் ஏன் எல்லாரும் ஐஎம்எஃப் ஐஎம்எஃப்னே பேசுறீங்க?

கணக்கன்:
அது காசுக்காக இல்லையண்ணை, அவை கையெழுத்து வைச்சாத் தான் கடன் குடுத்த மற்றவை பேச மேசைக்கே வருவினம்.

வவுனியா கடைக்காரர்:
ஹாட்வெயர் எண்டதால நான் சொல்லோணும், எனக்கும் அதே தொழில் தான். 2023 முழுக்க கல்லாவில ஈ ஓட்டினனான், ஓவர்டிராஃப்ட் வட்டி 30க்குக் கிட்ட, சீமெந்து எடுக்க ஆளில்லை. இப்ப வட்டி இறங்கினதால யாவாரம் பரவாயில்லை, ஆனா வாறது முக்கால்வாசி கனடா லண்டன் காசில கட்டுற வீடு தான், இஞ்ச உழைக்கிறவன் ஒரு பைக்கற் வாங்கி ஒட்டுப் போடுறதோட சரி. 2019 கடைசியில வற் வரியை (சாமான் வாங்கேக்க கட்டுற வரி) 15 இல இருந்து 8 ஆக்கி கஜானாவில ஓட்டை போட்டாங்கள், இப்ப 18 வீதம் வைச்சு அந்த ஓட்டையை எங்கட கஸ்டமர்ர பொக்கெற்றால அடைக்கிறாங்கள். கடனுக்கு மட்டும் சாமான் குடுக்காதேங்கோ தம்பி, அதில தான் எனக்கு அடி விழுந்தது.

கிளி_அக்கா:
தங்கச்சி கிளிநொச்சில காமன்ட்ல (உடுப்புத் தைக்கிற ஃபாக்டரில) வேலை. எங்கட சாமானுக்கு அமெரிக்காவில 44 வீதம் வரி எண்டு ட்ரம்ப் சொன்னோன்ன அங்க ஒருத்தருக்கும் சோறு இறங்கேல்ல, எங்கட உடுப்பு ஏற்றுமதில 40 வீதமளவு அமெரிக்காவுக்கு. 2025 ஏப்ரல்ல அதை 90 நாள் தள்ளி வைச்சவை, பிறகு என்னவோ. நீங்க டொலர் வட்டி எண்டு கதையுங்கோ, நாலு பேரில ஒராள் வறுமைக் கோட்டுக்குக் கீழ எண்டு உலக வங்கி சொல்லுது, எங்கட ஒழுங்கையில எண்ணினா அதை விடக் கூட வரும்.

ஒண்டுமறியாதவன்:
ஒருத்தரும் அரசாங்கத்தின்ர புதுக் கடன் பத்திரத்தை (பொண்ட்) பற்றிக் கதைக்கேல்ல. 2024 டிசம்பர்ல பழசுக்குப் பதிலா மாத்தின பத்திரத்தில ஒரு வகை இருக்கு, 2025 இல இருந்து 2027 வரை எங்கட ஜீடிபி (நாட்டின்ர மொத்த உற்பத்தி) டொலர் கணக்கில சராசரியா நல்லாக் கூடினா நாங்க கூடக் கட்டோணும், விழுந்தாக் குறையும். டொலர் கணக்கு எண்டதைக் கவனியுங்கோ, ரூபா பலமா இருந்தாலே ஜீடிபி பெருசாத் தெரியும். அதால டொலர் அசையேல்ல எண்டு நான் பெருசாச் சந்தோசப்படுறேல்ல.

கட்டார்காரன்77:
எல்லாருக்கும் நன்றி. எஃப்டிய ஆறு மாசத்துக்கு மட்டும் திருப்பிப் போடுறன், வாறதை 2026 கடைசியில பாப்பம். அம்மாட்ட நீங்க சொன்னது சரி தானாம் எண்டன், அது எனக்கு முதலே தெரியும், நாலு தேங்காய்க்குக் காசு அனுப்பு எண்டிட்டா. வவுனியா அண்ணை, கம்பி எங்க எடுக்கிறனீங்கள் எண்டு தனியா ஒருக்கா எழுதுங்கோ.