1070 சோழ அரண்மனைல 14 வயசுப் பொண்ணுக்கு என்ன வேலை? (நாவல் எழுதறேன், மாட்டிக்கிட்டேன்)

கரையோரம்_காத்து:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேள்வி போடறேன், தப்பான பகுதில போட்டிருந்தா மன்னிச்சுக்கங்க.

13லேர்ந்து 17 வயசுப் பிள்ளைங்க படிக்கற மாதிரி ஒரு சரித்திர சாகச நாவல் எழுதிட்டு இருக்கேன். காலம் 1070. வீரராஜேந்திரன் செத்து, மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்து, சில மாசத்துலயே அவரும் போயி, வேங்கி நாட்டு இளவரசன் ராஜேந்திரன் (அதான் முதலாம் குலோத்துங்கன்) கங்கைகொண்ட சோழபுரத்துல வந்து உக்கார்றாரே, அந்த வருஷம். ஆதித்த கரிகாலன் கொலையை எல்லாரும் துவைச்சுக் காயப்போட்டாச்சு, அதான் இந்தப் பக்கம் வந்தேன்.

ஹீரோயின் பொன்னி. 14 வயசு, அரண்மனைக்குப் பூ கட்டறவங்க பொண்ணு. 12 அத்தியாயம் முடிச்சிட்டேன். இப்ப திரும்பிப் பாத்தா அஞ்சு இடத்துல தூணுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்கறா, ரெண்டு தடவை சுரங்கப்பாதைல ஓடறா. எங்க அக்கா பொண்ணுகிட்ட (ஒன்பதாவது படிக்கறா) குடுத்தேன், நாலாவது அத்தியாயத்துல வச்சிட்டா. ஏன்டி வச்சிட்டனு கேட்டா "சித்தி, இவ இல்லன்னாலும் இந்தக் கதை நடக்கும்ல?"ங்கறா. ரெண்டு நாள் எழுதவே உக்காரல.

அதான் கேள்வி. ராஜ ரத்தம் இல்லாத ஒரு பிள்ளை இல்லாம சதி நகராதுங்கற மாதிரி எப்படி வைக்கறது, அதே நேரம் பெரியவங்களை எல்லாம் மடையங்களா காட்டாம? இன்னொண்ணு, குலோத்துங்கனை வில்லனா வைக்கறதா வேணாமானு இன்னும் முடிவு பண்ணல.

சாம்பிளுக்கு ஒரு வரி: "பொன்னி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் வழியே குதித்து, கட்டியிருந்த குதிரையில் தாவி ஏறினாள். மடியில் இருந்த வேர்க்கடலையைக் கொறித்தபடியே காஞ்சியை நோக்கிப் பறந்தாள்."

நாழிகைவட்டில்:

தோழி, உங்க கேள்விக்கு அப்பறம் வரேன், முதல்ல அந்த வேர்க்கடலையைக் கீழ போடச் சொல்லுங்க 😄 கடலை, மிளகாய், தக்காளி, உருளை, முந்திரி எல்லாம் அமெரிக்கால இருந்து வந்த சரக்கு, கப்பல்காரன் வர்றதுக்கே இன்னும் 400 வருஷத்துக்கு மேல இருக்கு. எள்ளுருண்டை குடுங்க, அவல் குடுங்க. காரம் வேணும்னா மிளகு.

சாவி, ஜன்னல் ரெண்டுமே போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன வார்த்தை. மேசை, அலமாரி கூட அப்படித்தான். திறவுகோல், சாளரம்னு போட்டுக்கங்க. ஆனா இதுக்காக கதை பூரா செந்தமிழ்ல பேச வச்சிடாதீங்க, பசங்க ஓடிடுவாங்க.

குதிரை அதைவிடப் பெரிய பிரச்சனை. நம்ம ஊர்ல அப்ப நல்ல குதிரை வளராது, அரபு நாட்டுல இருந்து கடல் வழியா வரணும், அதுக்குன்னே குதிரைச் செட்டிங்க இருந்தாங்க. ஒரு குதிரை காணாப்போனா ஊரே தேடும். பூக்காரம்மா பொண்ணு அதுல ஏறிப் பறந்தா வெள்ளாறு தாண்டறதுக்குள்ள பிடிச்சிடுவாங்க. ஓடத்துல அனுப்புங்க, மாட்டு வண்டில அனுப்புங்க, நடக்க விடுங்க. மெதுவா போறதே ஒரு டென்ஷன்தான், செய்தி முந்திப் போயிடுமோங்கற பயம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

அப்பறம் வேலைக்காரப் படைனு எங்கயாவது வந்தா அது வீட்டு வேலை பாக்கறவங்க இல்ல, ராஜாவுக்காக உயிரைக் குடுக்கறேன்னு சத்தியம் பண்ணின படை. ஒரு தடவை ஒருத்தர் எழுதின கதைல அவங்க கைல துடைப்பத்தைக் குடுத்திருந்தார், அதனால சொல்றேன்.

ஓலைப்பெட்டி:

உங்க அக்கா பொண்ணு சரியான கேள்வி கேட்டிருக்கு, அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரிய வணக்கம்.

ஒட்டுக்கேக்கறதுல என்ன சிக்கல்னா கேட்டுட்டு அவ யாருகிட்டயாவது போயி சொல்லணும், அப்ப வேலையைச் செய்யறது அந்த யாரோதான், இவ இல்ல. அவளைத் தூணுக்குப் பின்னாடி நிறுத்தாதீங்க. சதி அவ கை வழியாப் போகணும். சோழ அரண்மனைல எல்லாமே கை மாறிப் போன ஒரு இடம் இருக்கு, ஓலை.

சினிமால ராஜா ஒரு வார்த்தை சொன்னா உடனே தலை உருளும். நெஜத்துல அவ்ளோ லேசு இல்ல. ராஜா வாயால சொல்றது திருவாய்க்கேள்வி. அதைக் கேட்டு எழுதறவர் திருமந்திர ஓலை. எழுதினது சரியானு பாக்கறவர் திருமந்திர ஓலை நாயகம். அதுக்கப்பறம் புரவுவரித் திணைக்களம்னு வரி ஆபீஸ், அதுல வரிப்பொத்தகம், முகவெட்டினு வரிசையா ஆளுங்க, ஒவ்வொருத்தர் பேரும் கல்வெட்டுலயும் செப்பேட்டுலயும் இருக்கும். முதலாம் ராஜராஜன் நாகப்பட்டினத்து புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் குடுத்தாரே, அந்த செப்பேடு 21 ஏடு, கிட்டத்தட்ட 30 கிலோ, அப்பா சொன்னதை மகன் ராஜேந்திரன்தான் கடைசில செம்புல வெட்ட வச்சார். சொன்னதுக்கும் வெட்டினதுக்கும் நடுவுல ஒரு ஆட்சியே மாறிடுச்சு. உங்க கதை நடக்க வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்.

அந்த உத்தரவு ஊருக்குப் போய்ச் சேர்றது இன்னும் அழகு. நாட்டார் (அந்தப் பகுதிப் பெரியவங்க சபை) எதிர்ல வந்து கும்பிட்டு ஓலையை வாங்கித் தலைமேல வச்சுக்குவாங்க, அப்பறம் ஒரு பெண் யானையை எல்லையைச் சுத்தி நடக்க விட்டு, அது போன வழில கல்லும் கள்ளியும் நடுவாங்க. "பிடிசூழ்ந்து"னு செப்பேட்டுலயே வரும். பொய் உத்தரவு ஒண்ணு ஒரு ஊருக்குப் போயி யானை நடக்க ஆரம்பிச்சிடுச்சு, அதை நிறுத்தணும்னு வைங்க, சுரங்கப்பாதை எதுக்கு?

பொண்ணுக்கு வேலை: ஓலைல எழுத்தாணியால கீறினா எழுத்து கண்ணுக்கு சரியாத் தெரியாது, மேல மை தடவித் துடைச்சாதான் கறுப்பா எழும்பும். அந்த மை தடவற வேலையைக் குடுங்க. இப்படி ஒரு பதவி இருந்துச்சுன்னு நான் சொல்லல, கதைதானே, வச்சுக்கலாம். ராஜாவோட ஓலையை எழுதினவருக்கு அடுத்து பாக்கறது அவதான். ஆனா அவளுக்குப் படிக்கத் தெரியும்னு அங்க யாருக்கும் தெரியாது.

பத்தாப்பு_பாஸாயிட்டேன்:

நான் 16, அதனால உங்க ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். பெரியவங்க எழுதற டீன் நாவல்ல எனக்குக் கடுப்பேத்தற ஒரே விஷயம், எல்லா அத்தியாயத்துலயும் ஒரு தாத்தா இருப்பாரு, அவர் உக்கார வச்சு வரலாறு சொல்லுவாரு, ஹீரோ "அப்படியா தாத்தா?"ம்பான். அந்தத் தாத்தாவை தயவுசெஞ்சு மூணாவது பக்கத்துலயே போட்டுத் தள்ளிடுங்க. அவ தப்பாப் புரிஞ்சுக்கணும், அந்தத் தப்பால யாருக்காவது அடி படணும், அதை அவளே சரி பண்ணணும். மை ஐடியா சூப்பர்.

பொன்னிங்கற பேரு மட்டும் வேணாம்க்கா, நான் படிச்ச எல்லா சோழக் கதைலயும் ஒரு பொன்னி இருக்கா.

ஓலைப்பெட்டி:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. பேருக்கு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க, ராஜராஜன் குடி வச்ச தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில்ல ஆடற பெண்கள்) 400 பேரோட பேரு, தெரு, எத்தனாவது வீடுங்கறது வரைக்கும் வெட்டியிருக்கு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. சேரமங்கைனு ஒரு பேரு, எடுத்தபாதம்னு ஒரு பேரு. தூக்கின திருவடி, நடராஜர்! எவ்ளோ அழகு.

மூணாவது_பெஞ்ச்:

குலோத்துங்கன் வில்லனாங்கறதுக்கு என் கருத்து. அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க, பொண்ணும் கடைசி வரை முடிவு பண்ணக்கூடாது. ஏன்னா நமக்குக் கிடைச்ச சாட்சியே ரெண்டு கட்சிக்காரங்க.

உறவைப் பாத்தாலே தலை சுத்தும். குலோத்துங்கனோட அம்மா அம்மங்கை, முதலாம் ராஜேந்திரனோட மக. பொண்டாட்டி மதுராந்தகி, ரெண்டாம் ராஜேந்திரனோட மக. அப்பா மட்டும் வேங்கிச் சாளுக்கியர். அதாவது மருமகனும் அவர்தான், பேரனும் அவர்தான், ஆனா வெளியாள்! இந்தப் பக்கம் மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் வீரராஜேந்திரனோட மாப்பிள்ளை, அதிராஜேந்திரனுக்கு மச்சான்.

விக்கிரமாதித்தனோட அரசவைக் கவி பில்ஹணர் என்ன சொல்றார்னா, எங்க ராஜா காஞ்சிக்கு வந்து கலகத்தை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரம் போயி மச்சானை அரியணைல ஏத்திட்டு துங்கபத்திரைக்குத் திரும்பினார், கொஞ்ச நாள்லயே கலகத்துல மச்சான் செத்துட்டார், வேங்கிக்காரன் நாட்டைப் பிடிச்சிட்டான்னு. இந்தப் பக்கம் குலோத்துங்கனைப் பாடற கலிங்கத்துப்பரணி நாடு நிலைகுலைஞ்சு கெடந்துச்சு, அபயன் (குலோத்துங்கன்தான்) வந்து நிலைநிறுத்தினான்னு முடிச்சிடுது. அதிராஜேந்திரன் எப்படி செத்தார்னு அதுல பேச்சே இல்ல. ஒருத்தர் பழி போடறார், இன்னொருத்தர் வாயே தெறக்கல. உள்நாட்டுக் கலகமா, நோயா, சதியானு இன்னிக்கும் வாதம் ஓடுது. அதனால இவர்தான் கொன்னார்னு பின்குறிப்புல வரலாறு மாதிரி எழுதிடாதீங்க. கதைக்குள்ள சந்தேகமா விடுங்க. பின்னாடி சுங்கம் தவிர்த்த சோழன்னு நல்ல பேரு வாங்கினவர் வேற, அப்படி ஒரு ஆள் மேல சந்தேகம் வந்தா இன்னும் சுவாரஸ்யம்தானே.

பிள்ளைங்க பெரிய இடத்துல இருந்ததுக்கு இன்னொரு உதாரணமும் தரேன். உத்தரமேரூர் குடவோலை, 919, 921 கல்வெட்டு, உங்க காலத்துக்கு 150 வருஷம் முன்னாடி. உறுப்பினராக 35 வயசு ஆகியிருக்கணும், 70 தாண்டக்கூடாது, கணக்குக் காட்டாதவன் சொந்தக்காரனுக்கும் சீட்டு கிடையாது. இவ்ளோ சட்டமும் போட்டுட்டு குடத்துக்குள்ள கைய விட்டு ஓலை எடுக்கறது யாருன்னா ஒண்ணும் தெரியாத ஒரு சின்னப் பையன். சபையே அவன் கையைத்தான் பாத்துட்டு நிக்கும். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்கற நம்பிக்கைலதான் ஏற்பாடே. அந்தப் பையனுக்கு ஏதாவது தெரிஞ்சிருந்தா?

கரையோரம்_காத்து:

ஐயோ எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி தூங்கவே இல்ல. பொன்னி போயாச்சு, இப்ப அவ சேரமங்கை. தாத்தா முதல் அத்தியாயத்துலயே காலி (தம்பி, திருப்தியா?). குதிரையும் இல்ல. ஆனா ஒரு இடத்துல நிக்கறேன். அவ ஓலையைத் தப்பாப் படிக்கணும்னு தம்பி சொன்னது பிடிச்சிருக்கு, படிக்கத் தெரிஞ்சவ எப்படித் தப்பாப் படிப்பா? எழுத்து கலைஞ்சு போச்சுன்னு வச்சா சும்மா சாக்கு மாதிரி இருக்கு.

ஓலைப்பெட்டி:

எழுத்து கலையவே வேணாம், அந்தக் கால எழுத்தே உங்களுக்கு உதவும். ஓலைல பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, குத்தினா ஓலை கிழியும்னு சொல்லுவாங்க. எகரம் ஏகாரம் ரெண்டுக்கும் ஒரே கொம்புதான், இப்ப நாம போடற இரட்டைச் சுழிக் கொம்பு 18ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் கொண்டு வந்ததுனு சொல்றாங்க. காலும் ரகரமும் வேற ஒண்ணு போலயே இருக்கும். அதனால இடத்தைப் பாத்துதான் படிக்கணும்.

இப்ப இதைப் பாருங்க. "உடையார் கேட்டார்". ராஜா விஷயத்தைக் கேட்டுட்டார், சம்மதம்னு அர்த்தம். "உடையார் கெட்டார்". ராஜா போயிட்டார். ரெண்டும் ஓலைல அச்சு அசலா ஒண்ணுதான்.

பத்தாப்பு_பாஸாயிட்டேன்:

டேய்ய்ய்ய்ய்ய்

மூணாவது_பெஞ்ச்:

இதுக்கு மேல என்ன வேணும், போயி எழுதுங்க. எழுதினவர் வேணும்னே அந்த வார்த்தையைப் போட்டாரா, தெரியாமப் போட்டாரான்னு ஒரு புத்தகம் ஓடும்.

கரையோரம்_காத்து:

கை நடுங்குது சத்தியமா. முதல் பக்கத்தை மாத்தி எழுதிட்டேன், அவ மையைத் தடவறா, துணியால துடைக்கறா, எழுத்து ஒவ்வொண்ணா மேல வருது, கடைசி வார்த்தை வந்ததும் பின்னாடி காலடிச் சத்தம். அக்கா பொண்ணு படிச்சிட்டு நிமிந்து "கேட்டாரா கெட்டாரா?"னா. சொல்லலடி போனு அனுப்பிட்டேன், எனக்கே இன்னும் தெரியாது.

ஒரே ஒரு சந்தேகம், வெறும் விளக்குக் கரியா, இல்ல அதுல ஏதாவது சேப்பாங்களா? அவ விரல்ல என்ன வாசனை வரும்னு எழுதணும்.

ஓலைப்பெட்டி:

கரியோட பச்சிலைச் சாறு சேப்பாங்க, கோவை இலை உண்டு, வசம்பு, மஞ்சள் உண்டு, பூச்சி வராதுல்ல. ஊமத்தை இலையும் உண்டு. ஊமத்தை விஷம்ங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவச் சொல்லுங்க அந்தப் பொண்ணை... இல்லன்னா வேற யாருக்காவது சோறு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, உங்க இஷ்டம்.