ரைபோசோமைத் தடுக்கும் மருந்துகள்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

பதிவு 1 (மதுரை)

2011இல் அப்பாவுக்கு இரண்டாம் முறையாகக் காசநோய் வந்தபோது, அக்கால வழக்கப்படி மாத்திரைகளோடு வாரத்துக்கு 3 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளும் போட்டார்கள். ஆறாவது ஊசியோ ஏழாவதோ போட்ட மறுநாள், அடுப்படியில் குக்கர் விடாமல் விசிலடித்துக்கொண்டிருக்க, வாசற்படியில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. காசம் குணமாயிற்று, செவித்திறன் திரும்பவில்லை. இந்த மருந்து, கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் 30எஸ் என்னும் சிறு பாகத்தைப் பற்றிக்கொண்டு மரபுக் குறியீட்டைப் பிழையாக வாசிக்கச் செய்கிறது, பிழையான புரதங்களால் கிருமி மடிகிறது என்று பிற்பாடு படித்தேன். அப்படியானால் அப்பாவின் காது ஏன் போயிற்று?

பதிவு 2 (வேலூர்)

அம்மாவுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டும் இறங்கவில்லை. இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் அம்மாவின் கையை உயர்த்தி, அக்குளில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்திருந்த பொருக்கைக் காட்டி, "உண்ணிக் காய்ச்சல்" என்றார். அந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே வாழ்வது. செஃப்ட்ரியாக்சோன் போல் செல்சுவரைத் தாக்கும் மருந்துகளுக்கு அது அசைவதில்லை. டாக்சிசைக்ளின் உயிரணுவுக்குள் புகுந்து, கிருமியின் 30எஸ்ஸில் அடுத்த அமினோ அமிலம் வந்து அமரும் இடத்தை அடைத்துவிடுகிறது. இரண்டே நாளில் அம்மா கஞ்சி கேட்டார். நோய் முற்றியவர்களுக்கு அதனோடு, ரைபோசோமின் பெரிய பாகமான 50எஸ்ஸைத் தடுக்கும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது மேலானது என்று எங்கள் ஊர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் பதிவருக்கு: கிருமியின் முழு ரைபோசோம் 70எஸ் வகை, நம்முடையது 80எஸ் வகை, ஆகவே இம்மருந்துகள் நம்மைத் தொடுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு ஊசியின் அளவு கூடியிருக்க வேண்டும்.

பதிவு 3 (காசநோய்ப் பிரிவில் செவிலியர்)

இரண்டாம் பதிவர் சொல்வது பாதிதான் சரி. நம் உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு. பாக்டீரியாவின் வழிவந்தது என்பதால் கிருமியின் ரைபோசோமின் சாயல் அதிலும் இருக்கிறது. சிலரிடம் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் 1555ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்தச் சாயல் இன்னும் நெருங்கிவிடும். அத்தகையோருக்குச் சரியான அளவில் போட்ட ஊசியே செவியைப் பறித்துவிடக்கூடும். இது தாய்வழி இறங்குவது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் தடுக்கக்கூடிய இன்னொரு மருந்தான லினசோலிட் உட்கொண்ட ஒருவர், பாதம் எரிகிறது என்று மூன்று வாரம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் செருப்பைக் குறை சொன்னேன். அது நரம்புப் பாதிப்பு.

ஆகவே கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் எதுவாயினும், தாய்வழி உறவில் ஊசிக்குப்பின் காது கேளாமல் போனவர் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லினசோலிட் எடுப்பவர்கள் இரத்தத் தட்டணுக்களைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வை மங்கினாலோ பாதம் மரத்தாலோ எரிந்தாலோ அன்றே தெரிவிக்க வேண்டும். டாக்சிசைக்ளினைப் பாலுடனோ கால்சியம் மாத்திரையுடனோ விழுங்காதீர்கள். கால்சியத்தோடு பிணைந்து உடலில் சேராமல் போகும். ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் நிமிர்ந்து அமர்ந்திருங்கள். இல்லையெனில் உணவுக்குழாய் புண்ணாகும்.

பதிவு 4 (மதுரை, முதல் பதிவர்)

தாய்வழி என்று படித்ததும் கை நின்றுவிட்டது. அப்பாவின் அக்காவுக்கும் சிறுவயதில் ஏதோ ஊசிக்குப்பின் காது கேளாமல் போயிற்று. அம்மை வந்ததால் என்றே அப்பத்தா சொல்லிவந்தார். அப்பாவிடமிருந்து எனக்கு இறங்காது என்பது புரிகிறது. ஆனால் அத்தைக்கு இரண்டு மகள்கள், ஒருத்திக்குக் கைக்குழந்தை. இந்த மரபணுப் பரிசோதனைக்கு அவர்கள் முதலில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போக வேண்டுமா, வேறு எங்காவதா?