எடை குறைத்த கதைகள்: பந்திங் பட்டறைக்கு வந்த மியாத்தா

பந்தயத்துக்காகக் காடியில் (காரில்) எதையெல்லாம் கழற்றினீர்கள், எத்தனை கிலோ குறைந்தது என்று இந்தக் குழுவில் ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பட்டறையில் பார்த்ததை நானும் சொல்கிறேன். மலேசியாவில், பந்திங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பட்டறை. முக்கால்வாசி வேலை செம்பனைக் குலை ஏற்றும் லோரியும் டிராக்டரும்தான். செப்பாங் பந்தயத்தடம் தூரமில்லை என்பதால் அவ்வப்போது பந்தயக் காடியும் வந்து நிற்கும்.

இது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, மியாத்தா என்றும் சொல்வார்கள், 1.6 லிட்டர். 1989-ல் வெளிவந்த மாடல். கம்பெனியிலிருந்து வரும்போதே ஏறக்குறைய 950 கிலோதான். சொந்தக்காரர் கிள்ளானில் பல் டாக்டர். "அண்ணே, 100 கிலோ குறைச்சுக் குடுங்க" என்று வந்து நின்றார். எங்கள் முதலாளியை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பக்கத்து வீட்டுக்காரர். மாமா ஸ்பேனரைத் தொடவில்லை. "ரூல் புக் கொண்டாந்தீங்களா டாக்டர்?" என்றார்.

அதில் இரண்டு வரிதான் முக்கியம். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில், பந்தயம் முடிந்து வந்தபின், காடி இவ்வளவுக்குக் குறையக் கூடாது. எதை மாற்றலாம் என்று எழுதவில்லையோ, அதில் கை வைக்கக் கூடாது. டாக்டர் ஓடும் பந்தயப் பிரிவில் கண்ணாடி அசல் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பாலிகார்பனேட் போட்டால் எடை பாதியாகும், ஆனால் அனுமதி இல்லை. போனட், கதவு, பம்பர் எல்லாம் அப்படியே. பாதுகாப்புக் கூண்டு கட்டாயம், அதுவே 30 கிலோவுக்கு மேல் ஏற்றிவிடும். அதாவது, குறைப்பதற்கு முன்னாலேயே எடை கூடிவிட்டது.

கழற்றியதை வரிசையாகச் சொல்லி உங்களைச் சலிக்க வைக்கப் போவதில்லை. பக்கத்து சீட்டு, கம்பளம், துணிக்கூரை, மாற்று டயர், ஜாக்கி, ரேடியோ, ஏர்கோன். ஏர்கோனைக் கழற்றும்போது மட்டும் டாக்டர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நம்ம ஊர் வெயிலுக்கு யாருக்குத்தான் சுருங்காது! ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டதில் சில கிலோ. காசுக்கு அது நியாயமா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இல்லை.

ரசித்துச் செய்த வேலை, காடித் தரையில் சத்தம் அடக்க ஒட்டியிருக்கும் தார்த் தகடுகளை எடுத்ததுதான். சூடு காட்டிச் சுரண்டினால் பிசுபிசுவென்று கையெல்லாம் ஒட்டும். உலர் பனிக்கட்டியை உடைத்து அதன்மேல் பரப்ப வேண்டும். மைனஸ் 78 டிகிரி. கொஞ்ச நேரத்தில் டிக் டிக்கென்று தார் விரிசல் விடும் சத்தம் கேட்கும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் கடலை மிட்டாய் மாதிரி சில்லு சில்லாகக் கிளம்பி வரும், அடியில் பெயிண்ட் பளபளவென்று தெரியும். தடித்த கையுறை வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், அந்தப் பனிக்கட்டியிலிருந்து வருவது கரியமில வாயு. மொத்தம் கிடைத்தது ஒரு வாளியில் பாதி. அவ்வளவுதான்.

எடை போட எங்கே போவது? பாமாயில் ஆலையின் லோரித் தராசு. சாயங்காலம் கடைசிக் குலை லோரி போனதும் ஆலைக் கணக்கர், கிராணி, ஏற்றவிட்டார். பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், நுணுக்கம் கிடையாது. ஆனாலும் முழுக் காடியை ஒருமுறை, முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒருமுறை போட்டால் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். டாக்டர் அன்று வரவில்லை, அவர் எடைக்கு சீட்டில் அரிசி மூட்டைகளை அடுக்கிப் பெல்ட்டும் போட்டோம். கிராணி அதைப் போட்டோ எடுத்து யாருக்கெல்லாம் அனுப்பினாரோ!

கணக்குப் பார்த்தால் விதி சொன்ன எடைக்கும் 40 கிலோ கீழே இருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மாமா நேரே பழைய இரும்புக் கடைக்குப் போய் மூன்று தகடு வெட்டி வந்தார். முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் தடிமன், ஒன்று 14 கிலோ. "கழட்டினதைத் திரும்ப ஏத்தவா இவ்வளவு பாடு?" என்று டாக்டர் கேட்டார்.

"கழட்டினது மேலேயும் பின்னாலேயும் இருந்துச்சு டாக்டர். ஏத்துறது தரையிலே."

நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதிலுக்காகத்தான். பிரிவுக்குக் குறைந்தபட்ச எடை வரம்பு இருந்தால், லேசான காடி ஜெயிப்பதில்லை. எடையை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்யக்கூடிய காடிதான் ஜெயிக்கும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம், அதனால் தகடுகள் இடப்பக்கத் தரையில், பெரிய வாஷர் வைத்துப் போல்ட் போட்டு. பிறகு கோலாலம்பூரிலிருந்து நாலு சக்கரத்தையும் தனித்தனியாக நிறுக்கும் தராசு வாடகைக்கு எடுத்து, ஸ்பிரிங் உயரத்தைத் திருகித் திருகி, குறுக்குமூலைக் கணக்கை (முன் வலது, பின் இடது சக்கரங்களின் எடை மொத்தத்தில் எவ்வளவு என்பதை) பாதிக்குப் பாதி கொண்டு வந்தோம். செப்பாங்கில் இடமும் வலமும் மாறி மாறி 15 வளைவு. ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் அடம்பிடிக்கிற காடியை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

*

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் சொன்னது சரி. நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. ஒரு தம்பி பழைய புரோட்டான் சத்ரியா காடியைக் கொண்டு வந்தான். கதவுக்குள்ளே பக்கவாட்டு மோதலுக்கு இருக்கும் இரும்புத் தண்டை அறுத்துவிட்டான், கதவுச் சட்டம் முழுக்கத் துளை. எத்தனை கிலோ மிச்சம் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. சோதனை அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார், கதவை மூடினார், "பாலேக்" (திரும்பிப் போ) என்றார். அந்தத் துளை வேலைக்குச் செலவழித்த காசில் லேசான ரிம் வாங்கியிருக்கலாம். சக்கரத்தில் குறையும் ஒரு கிலோவுக்கு மதிப்பே தனி. அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதைச் சுழற்றவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும்.

*

சாலாக் திங்கியிலிருந்து நான். யாரும் பெட்ரோலைப் பற்றிப் பேசவில்லையே? ஒரு லிட்டர் முக்கால் கிலோ. பந்தயத்தில் 20 லிட்டர் எரிந்தால் 15 கிலோ போய்விடும். அதனால் தகட்டுக் கணக்கை டாங்கி கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது போடுங்கள். ஓட்டுநருக்கு வியர்வையிலும் போகும். செப்பாங்கில் எஃப்1 (ஃபார்முலா ஒன்) பந்தயம் நடந்த 1999 முதல் 2017 வரை, மிகக் களைப்பான பந்தயங்களில் ஒன்று என்று அதைச் சொன்னது சும்மா இல்லை. எஃப்1-இலேயே 2019-இல்தான் ஓட்டுநருக்கும் சீட்டுக்கும் சேர்த்து 80 கிலோ என்று தனிக் கணக்கு வைத்தார்கள். அதற்கு முன் உயரமான ஓட்டுநர்கள் வயிற்றைக் காயப்போட்டார்கள்.

கொடி விழுந்த பிறகு எஃப்1 ஓட்டுநர்கள் வழக்கமான கோட்டை விட்டு ஓரமாக ஓட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும், தராசில் கொஞ்சம் கைகொடுக்கும். உங்கள் பிரிவில் அதை ஏற்றுக்கொள்கிறார்களா, டயரைச் சுரண்டச் சொல்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் நான் ஐந்து கிலோ கூடுதலாகவே வைத்துவிடுவேன்.