இத்தாலி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இபெர்ப்ளாசியா ப்ரொஸ்டாட்டிகா': புற்றா?

குளச்சல்காரி:
ரோமில் வேலை பார்த்த மாமனார் ஊருக்கு வந்துட்டாங்க, வயசு 68. அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் 'இபெர்ப்ளாசியா ப்ரொஸ்டாட்டிகா பெனின்யா', 52×48×45 மிமீ, பிஎஸ்ஏ 2,8 என்று இருக்கு. பிளாசியான்னா கேன்சர்தான்னு வீட்டில் ஒரே அழுகை. பிஎஸ்ஏ 28ஆ? சளிக்கு மாத்திரை போட்டா ஒண்ணுக்கே போகமாட்டேங்குது.

லேப்_அண்ணாச்சி:
கேன்சர்னு அதில் எழுதலை. நம்ம ஊர் ரிப்போர்ட்டில் வரும் ஹைப்பர்ப்ளேசியாதான். இத்தாலிக்காரர்கள் 'ஹ' போடுவதில்லை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் ப்ரோஸ்டேட் சுரப்பி, செல்களின் எண்ணிக்கை கூடி பெருத்திருக்கு. பெனின்யான்னா ஆபத்தில்லாத வகை. இன்னொரு தாளில் 'இபெர்ட்ரோஃபியா' என்றிருந்தால் குழம்ப வேண்டாம். செல்லே பருப்பதுக்கு அந்தப் பெயர், ஆனா ப்ரோஸ்டேட்டுக்கு ரெண்டையும் எழுதுவாங்க.

அங்கே புள்ளிக்குப் பதில் கமா. பிஎஸ்ஏ, அதாவது ரத்தத்தில் பார்க்கும் ப்ரோஸ்டேட் புரதம், 2.8தான். அளவை செ.மீ.க்கு மாத்தி, முட்டை வடிவத்துக்கான 0.52ஆல் பெருக்கி 5.2×4.8×4.5×0.52 போட்டால் சுரப்பி சுமார் 58 மில்லி. சாதாரணமா 20, 25தான் இருக்கும். ஒண்ணு மட்டும் பாருங்க: சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைட் மாத்திரை ஆறு மாசத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தா பிஎஸ்ஏ பாதியா இறங்கிக் காட்டும். அப்போ 2.8ஐ 5.6ஆ எடுத்துக்கிட்டுத்தான் டாக்டர் பேசுவார். பிராண்ட் பெயர் அங்கே வேற, காலி அட்டையையும் கொண்டுபோங்க.

களியக்காவிளை_பார்மசி:
சளி மாத்திரையை முதலில் நிறுத்துங்க. அதில் உள்ள ஃபீனைலெஃப்ரின் மூத்திரப்பை வாயை இறுக்கும், குளோர்ஃபெனிரமின் பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். சுரப்பி பெருத்தவங்களுக்கு ரெண்டும் சேர்ந்தா அடைப்புதான். சுத்தமா நின்னு அடிவயிறு வீங்கினா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரியில் உடனே மூத்திரம் வடிய ட்யூப் போடணும். தண்ணி குடிச்சா வந்துடும்னு குடம் குடமா குடிக்க வைக்கிறது வலியைத்தான் கூட்டும்.

மூத்திரப்பை வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மிகி மாத்திரை எழுதினா, படுக்கையிலிருந்து சட்டுனு எழும்பக் கூடாது, தலை சுத்தும். கண்புரை ஆபரேஷன் இருந்தா கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். இடையில் நிறுத்தினாலும் கருவிழித்திரை தளர்ந்து தொல்லை கொடுக்கும்.

குளச்சல்காரி:
நன்றி அண்ணாச்சி. கடைசியில் 'ரெசிதுவோ 90' என்று இருக்கு?

லேப்_அண்ணாச்சி:
ஒண்ணுக்குப் போன பிறகும் பையில் 90 மில்லி தங்கியிருக்கு. ஒரே அளவை நம்ப வேண்டாம். பை முட்ட முட்ட நிரம்பினப்போ எடுத்தா மீதி கூடுதலாக் காட்டும். நாகர்கோவிலில் திரும்ப எடுக்கும்போது சாதாரணமா முட்டும்போதே போகச் சொல்லி, உடனே ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்க. 'லோபோ மெதியோ' என்ற வார்த்தையும் இருக்கான்னு தேடுங்க. நடு மடல் பைக்குள் துருத்தினா சின்ன சுரப்பியும் அடைக்கும், மாத்திரைக்கும் அவ்வளவா மசியாது.