முந்தி இப்படி இல்லை, இப்போது ஒவ்வொரு மாதமும் படுக்க வைக்கிற நோ

தெஹிவளைப் பிள்ளை:
அக்காமாரே, எனக்கு 24 வயது. கொள்ளுப்பிட்டியில் வேலை. முந்தியெல்லாம் மாதவிடாய் வந்தால் முதல் நாள் மட்டும் அடிவயிறு நோகும். அம்மா அவித்துத் தருகிற கொத்தமல்லித் தண்ணியோடு போய்விடும். இந்த ஏழெட்டு மாதமாக அப்படியில்லை. தொடங்க இரண்டு நாளைக்கு முன்பே இடுப்பும் தொடையும் இழுக்கின்றன. போன திங்கள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டி வருவதற்குள் கண் இருட்டிவிட்டது. ஒரு சிங்கள அம்மா எழும்பி இடம் தந்து, தன் தண்ணிப் போத்தலையும் கையில் வைத்தார். அப்படியே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அம்மா, "எனக்கும் இப்படித்தான், கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்கிறார். இரண்டு பனடோல் போட்டும் கேட்கவில்லை. இது வழமையான நோதானா? கலியாணம் ஆகாத நான் வி.ஓ.ஜி. என்கிற பெண் நோய், பிரசவ டொக்டரிடம் போனால் என்ன நினைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

வத்தளை அம்மா:
சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள் பிள்ளை. என் மகளுக்கு அதுதான் கை கண்ட மருந்து. ஆனால் கண் இருட்டியது என்கிறீர்களே, கட்டாயம் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, "இந்த ஏழெட்டு மாதமாக" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், என்னை நிறுத்தியது அதுதான். பெரிய பிள்ளையாகி ஒன்றிரண்டு வருடத்தில் தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாளோடு போகிற நோ பெரும்பாலும் வேறு நோயில்லாத நோ. கருப்பையில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்குவதால் வருவது. பிறகு புதிதாகக் கூடுகிற நோவுக்குக் காரணம் தேட வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற தசை வெளியிலும் வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி), கிருமித் தொற்று என்று பல இருக்கின்றன.

எனக்கு அது எண்டோமெட்ரியோசிஸ். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது குத்திப் பிடுங்கும். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலில் போன இடத்தில் ஸ்கானைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஸ்கானில் தெரியாமலும் அது இருக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்புறம் குசினிக் கதவில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரில் நோ வந்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்தேன், லீவு போட்ட நாளுக்கு வட்டம். ஆறு மாதத் தாளைக் கிழித்து வேறொரு டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் மேசையில் வரிசையாகப் பரப்பி, விரல் வைத்து வட்டங்களை எண்ணினார். பிறகுதான் லப்பரஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கமெராவால் பார்க்கிற சோதனை, செய்து கண்டுபிடித்தார்கள். நீங்களும் இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.

கலியாணம் கட்டினால் இது மாறாது. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. வி.ஓ.ஜி.யிடம் கலியாணமாகாத பிள்ளைகள் தாராளமாகப் போகிறார்கள். சனல் பண்ண, அதாவது தனியாரில் காசு கட்டி டொக்டரைக் காட்ட, கஷ்டமென்றால் பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி.

பார்மசி அண்ணா:
குளிசை பற்றி மட்டும் சொல்கிறேன். நோவுக்குப் போடுகிற இபுபுரோபன், மெஃபெனமிக் அசிட் இரண்டும் அந்தப் புரொஸ்டாகிளாண்டினைக் குறைப்பவை. அதனால் நோ உச்சிக்கு ஏறும்வரை பார்த்திருக்காமல், தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், இழுப்பு (ஆஸ்துமா), சிறுநீரக வருத்தம் இருந்தால் கேட்காமல் போடாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இதை மறக்க வேண்டாம். காய்ச்சலும் இருந்தால் இவை இரண்டையும் தொடவே கூடாது. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும், இந்தக் குளிசைகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பரசிட்டமோல் (பனடோலும் அதுதான்) மட்டும் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போங்கள். 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது.

கொட்டாஞ்சேனை அக்கா:
அண்ணா சொன்னதோடு இதையும் சேருங்கள். மணிக்கொரு பாட் நனைந்து இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தால், மயங்கி விழுந்தால், அல்லது நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாகத் தாங்கேலாத நோ வந்தால் விடியும்வரை இருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தெஹிவளைப் பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணா. சனிக்கிழமைக்கு நம்பர் எடுத்துவிட்டேன். அம்மாவும் வருகிறாராம். ஸ்கான் எடுப்பார்கள் என்றால் சாப்பிடாமல் போக வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
இல்லை, சாப்பிடலாம். வயிற்றுக்கு மேலால் பார்க்கிற ஸ்கானுக்குச் சலப்பை (சிறுநீர்ப்பை) நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் முன்பே தண்ணி குடித்து அடக்கிக்கொண்டு போங்கள்.